யூ-பூட்டில் எஸ்டி கார்டு, ஈஎம்எம்சி, யூஎஸ்பி எதுவும் கண்ணில் படவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்போம்

சின்னக் கணினி போர்டுகளில் லினக்ஸை ஏற்றிவிடும் தொடக்க நிரலான யூ-பூட்டில் சேமிப்புச் சாதனம் வேலை செய்யவில்லை என்றதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது மெனுகான்ஃபிக்கை (பில்டுக்கான ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் மெனு) திறந்து எம்எம்சி (எஸ்டி கார்டு, போர்டிலேயே ஒட்டியிருக்கும் ஈஎம்எம்சி இரண்டுக்கும் பொதுப் பெயர்) என்று பெயர் வருகிற ஆப்ஷனை எல்லாம் ஆன் செய்வதுதான். அதில் பாதி நாள் போய்விடும், பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். காரணம், "யூ-பூட்" என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் போர்டில் ஓடுவது ஒரே நிரல் இல்லை. சிப்புக்குள் இருக்கும் பூட் ரோம் (தயாரிக்கும்போதே பதிந்துவிட்ட, மாற்ற முடியாத நிரல்) முதலில் ஓடுகிறது, அது எஸ்பிஎல் என்ற சின்ன நிரலைக் கார்டிலிருந்து எடுத்து உள் எஸ்ராமில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவகம்) போடுகிறது, எஸ்பிஎல் டிராமை (போர்டின் பெரிய நினைவகம்) தயார் செய்து முழு யூ-பூட்டை ஏற்றுகிறது, முழு யூ-பூட் லினக்ஸ் கர்னலை ஏற்றுகிறது. கார்டை நான்கு பேர் நான்கு விதமாகப் படிக்கிறார்கள் (கர்னலையும் சேர்த்து). எஸ்பிஎல்லுக்கு ஒரு கான்ஃபிக் தொகுதி, முழு யூ-பூட்டுக்கு இன்னொன்று. எஸ்பிஎல்லில் இருக்கும் பிழையை முழு யூ-பூட்டின் ஆப்ஷனில் தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்காது.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் சீரியல் கேபிளை (போர்டு சொல்லும் செய்திகளை உங்கள் கணினித் திரைக்குக் கொண்டுவருவது) மாட்டி, கடைசியாக வந்த வரி எது, அதைச் சொன்னது யார் என்று பாருங்கள். கீழே எல்லாமே அந்த வரியை வைத்துத்தான் போகிறது. உதாரணத்துக்குப் பெரும்பாலும் பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினி போர்டை எடுத்துக்கொள்கிறேன், ஒரே போர்டில் எஸ்டி கார்டும் ஈஎம்எம்சியும் இருப்பதால் குழப்பங்கள் எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். ஆப்ஷன் பெயர்களின் முன்னால் வரும் "கான்ஃபிக்" என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சீரியலில் ஒன்றுமே வரவில்லை, அல்லது "சி" என்ற எழுத்து மட்டும் வந்துகொண்டே இருக்கிறது

பீகிள்போனில் சிசிசிசி என்று வந்தால் நல்ல செய்திதான்: சிப் உயிரோடு இருக்கிறது, கேபிளும் சரி. ரோம் தேடிய இடத்தில் எஸ்பிஎல் கிடைக்கவில்லை, அதனால் சீரியல் வழியாகவே அனுப்பச் சொல்லிக் கேட்கிறது. இந்தக் கட்டத்தில் யூ-பூட்டின் கான்ஃபிக்குக்கும் பிழைக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை, கோப்பு இருக்கும் இடம்தான் தப்பு. பீகிள்போனில் இருக்கும் ஏஎம்335எக்ஸ் சிப்பின் ரோம் இரண்டு வழியில் தேடும்: ஃபேட் பார்ட்டிஷனில் எம்எல்ஓ என்ற கோப்பு (அதுதான் எஸ்பிஎல்), அல்லது கார்டின் தொடக்கத்திலிருந்து 0, 128, 256, 384 கேபி தூரங்களில் நேரடியாக. அந்த ஃபேட் பார்ட்டிஷன் ஆக்டிவ் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 64 ஜிபி கார்டு கடையிலிருந்து எக்ஸ்ஃபேட்டில்தான் வரும், அதை இந்த ரோம் படிக்காது. பார்ட்டிஷனை அழித்து ஃபேட்32 ஆகப் போடுங்கள்.

மற்ற சிப்புகளில் தூரம் வேறு. ஆல்வின்னரில் 8 கேபி. ராக்சிப்பில் 64ஆவது செக்டர் (ஒரு செக்டர் 512 பைட்), அதாவது 32 கேபி, முழு யூ-பூட் 16384ஆவது செக்டரில். ஐ.எம்எக்ஸ்8எம் மினியில் 33 கேபி, அதே குடும்பத்து ஐ.எம்எக்ஸ்8எம் பிளஸ்ஸில் 32 கேபி. ஒரு கேபி வித்தியாசம் என்று அலட்சியமாக இருக்காதீர்கள், மினிக்கு எழுதிய டிடி கட்டளையை (கார்டின் குறிப்பிட்ட இடத்தில் நேரடியாக எழுதும் லினக்ஸ் கட்டளை) அப்படியே பிளஸ்ஸுக்கு ஓட்டினால் போர்டு ஒரு எழுத்துகூடப் பேசாது. ஆல்வின்னரில் இன்னொன்று: வழக்கமான ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை முதல் 34 செக்டர்களை, அதாவது 17 கேபியைப் பிடித்துக்கொள்ளும், எஸ்பிஎல் உட்கார வேண்டிய 8 கேபி அதற்குள்தான் வருகிறது. ஜிபிடி போட்டால் எஸ்பிஎல் அழியும், எஸ்பிஎல் எழுதினால் ஜிபிடி அழியும். எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையைப் போட்டுவிடுவது எளிது.

புதிதாக பில்ட் செய்து எஸ்டி கார்டில் போட்டேன், ஆனால் எந்த மாற்றமும் தெரியவில்லை

கான்ஃபிக்கைக் குறை சொல்வதற்கு முன், பேனர் வரியில் (நிரல் தொடங்கும்போது தன் பெயரைச் சொல்லும் வரி) இருக்கும் பில்ட் தேதியைப் பாருங்கள். எஸ்பிஎல் ஒரு தேதி சொல்லும், முழு யூ-பூட் ஒரு தேதி சொல்லும். பீகிள்போன் பிளாக்கில் பட்டனை அழுத்தாமல் பவர் கொடுத்தால் ரோம் முதலில் ஈஎம்எம்சியைத்தான் பார்க்கும், எஸ்டி கார்டு இரண்டாவதுதான். ஈஎம்எம்சியில் பழைய எம்எல்ஓ ஒன்று இருந்தால் நீங்கள் கார்டில் என்ன போட்டாலும் ஓடுவது பழையதே. எஸ்2 பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் கொடுக்க வேண்டும், ரீசெட் பட்டன் போதாது, பூட் வரிசையைச் சொல்லும் பின்களை சிப் பவர் வரும்போது மட்டும்தான் படித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் பட்டன் அழுத்தச் சலிப்பாக இருந்தால் ஈஎம்எம்சியில் உள்ள பழைய எஸ்பிஎல்லை அழித்துவிடுங்கள். நேரடித் தூரங்களில் இருப்பதையும் ஃபேட்டில் இருப்பதையும் இரண்டையுமே அழிக்க வேண்டும்.

எஸ்பிஎல் பேனர் வருகிறது, "ஃபெயில்ட் டு பூட் ஃப்ரம் ஆல் பூட் டிவைசஸ்" என்று சொல்லி நின்றுவிடுகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் எஸ்பிஎல்_எம்எம்சி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஃபேட்டிலிருந்து ஏற்றுவதாக இருந்தால் எஸ்பிஎல்_எஃப்எஸ்_ஃபேட்டும் வேண்டும். "எஸ்பிஎல்" என்ற முன்னொட்டு இல்லாத எம்எம்சி ஆப்ஷன் ஆன் ஆகியிருப்பது முழு யூ-பூட்டுக்கு மட்டும்தான், எஸ்பிஎல்லுக்கு அது போய்ச் சேராது.

எல்லாம் ஆன்தான், ஆனாலும் பிழை எண் -19 என்று வருகிறது என்றால் டிவைஸ் ட்ரீயை (போர்டில் என்னென்ன சாதனங்கள் உண்டு என்று சொல்லும் கோப்பு, அதில் ஒவ்வொரு சாதனமும் ஒரு நோடு) பாருங்கள். -19 என்றால் "அப்படி ஒரு சாதனமே இல்லை" என்று பொருள். எஸ்ராம் சின்னது என்பதால் பில்ட் செய்யும்போதே எஸ்பிஎல்லுக்கான டிவைஸ் ட்ரீயை வெட்டிச் சுருக்கிவிடுகிறார்கள். "பூட்பிஹெச்-ஆல்" அல்லது "பூட்பிஹெச்-ப்ரீ-ராம்" என்ற குறி இல்லாத நோடு எல்லாம் அந்த வெட்டில் போய்விடும். உங்கள் மூல டிடிஎஸ் கோப்பில் எம்எம்சி நோடு அழகாக இருக்கும், ஆனால் எஸ்பிஎல் கையில் இருக்கும் பிரதியில் இருக்காது. ஊகிக்கவே வேண்டாம், பில்ட் முடிந்ததும் எஸ்பிஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் டிடிபி கோப்பை (டிவைஸ் ட்ரீயின் பைனரி வடிவம்) டிடிசி என்ற கருவியை வைத்துத் திரும்ப எழுத்தாக மாற்றிப் பாருங்கள், அரை நிமிட வேலை. நோடு இல்லை என்றால் குறி போடுங்கள். அதோடு அந்த எம்எம்சி சார்ந்திருக்கும் கிளாக், பின் அமைப்பு, ரெகுலேட்டர் (மின்சாரம் கொடுக்கும் பகுதி) நோடுகளுக்கும் போட வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் டிரைவர் பாதியில் நிற்கும். நோடு இருக்கிறது, ஆனால் அதற்குள் "கிளாக்ஸ்" அல்லது "பின்கண்ட்ரோல்-0" வரியைக் காணோம் என்றால் ஓஎஃப்_எஸ்பிஎல்_ரிமூவ்_ப்ராப்ஸ் என்ற ஆப்ஷனின் மதிப்பைப் பாருங்கள். இடம் மிச்சம் பிடிக்க அதுவே சில பண்புகளைத் தூக்கிவிடுகிறது.

2023க்கு முந்தைய யூ-பூட்டில் இதே குறிகளுக்கு "யூ-பூட்,டிஎம்-ப்ரீ-ரீலாக்", "யூ-பூட்,டிஎம்-எஸ்பிஎல்" என்று பெயர். பழைய போர்டு பேட்ச் ஒன்றைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவரும்போது பெயரை மாற்ற மறக்க வேண்டாம்.

சாதனம் தெரிகிறது, ஆனால் முழு யூ-பூட்டை ஏற்ற முடியவில்லை என்றால் இடம் பார்க்க வேண்டியதுதான். பீகிள்போனில் நேரடியாக எழுதும் வழியில் எஸ்பிஎல் தேடுவது ஹெக்ஸில் (16ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறை) 300ஆவது செக்டர், அதாவது 768ஆவது செக்டர், 384 கேபி. நீங்கள் எழுதிய இடமும் கான்ஃபிக்கில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆப்ஷன்களை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் லிங்கர் "ரீஜன் ஓவர்ஃப்ளோட்" என்று சொல்லும். எஸ்ராம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். எஸ்பிஎல்லில் ஃபேட், எக்ஸ்ட்4, யூஎஸ்பி எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள், எந்த ஒரு வழியில் பூட் ஆகப்போகிறதோ அது மட்டும் போதும்.

"அன்னோன் கமாண்ட் எம்எம்சி" என்கிறது

யூ-பூட்டின் ப்ராம்ப்ட் (கமாண்ட் கொடுக்கும் இடம்) வரை வந்துவிட்டீர்கள், அதனால் இனி முழு யூ-பூட்டின் கான்ஃபிக் மட்டும்தான். டிரைவர் வேறு, கமாண்ட் வேறு. எம்எம்சி ஆன் செய்தால் டிரைவர் வரும், சிஎம்டி_எம்எம்சி ஆன் செய்தால்தான் கமாண்ட் வரும். யூஎஸ்பிக்கு சிஎம்டி_யூஎஸ்பியோடு யூஎஸ்பி_ஸ்டோரேஜ், என்விஎம்ஈ எஸ்எஸ்டிக்கு சிஎம்டி_என்விஎம்ஈ.

டாட் கான்ஃபிக் கோப்பைக் கையால் திருத்தியிருந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஒரு ஆப்ஷனுக்குத் தேவையான மற்றொன்று ஆஃப் ஆகியிருந்தால் பில்ட் எந்தச் சத்தமும் போடாமல் உங்கள் வரியை நீக்கிவிடும். பில்ட் முடிந்த பிறகு அந்தக் கோப்பில் கிரெப் செய்து, நீங்கள் எழுதிய வரி இன்னும் இருக்கிறதா பாருங்கள். காணோம் என்றால் மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தி அந்தப் பெயரைத் தேடுங்கள், எது எதைச் சார்ந்திருக்கிறது, எது இப்போது ஆஃப் என்று அங்கேயே காட்டும். திருப்தியானதும் சேவ்டெஃப்கான்ஃபிக் ஓட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை போர்டின் டெஃப்கான்ஃபிக் (தொடக்க அமைப்பு) ஓட்டும்போது எல்லாம் போய்விடும்.

கமாண்ட் இருக்கிறது, "நோ எம்எம்சி டிவைஸ் அவைலபிள்" என்கிறது

"எம்எம்சி லிஸ்ட்" போட்டுப் பாருங்கள். பீகிள்போனில் ஓமாப் எஸ்டி/எம்எம்சி 0, 1 என்று இரண்டு வரி வர வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் "டிஎம் ட்ரீ" போடுங்கள் (சிஎம்டி_டிஎம் ஆன் ஆகியிருக்க வேண்டும்). எனக்குப் பிடித்த கமாண்ட் இது, யூ-பூட் தன் மனதில் வைத்திருக்கும் சாதனங்கள் முழுவதையும் மரமாக விரித்துக் காட்டிவிடும். ஒவ்வொரு வரியிலும் கூட்டல் குறி இருந்தால் அந்தச் சாதனம் உண்மையில் எழுப்பப்பட்டுவிட்டது, இல்லை என்றால் பெயர் பதிவாகியிருக்கிறது, இன்னும் தொடவில்லை.

மரத்தில் எம்எம்சி வரியே இல்லை என்றால் மூன்றில் ஒன்று: நோடில் "ஸ்டேட்டஸ்" டிஸேபிள்ட் என்று இருக்கிறது, அல்லது உங்கள் சிப்புக்குரிய டிரைவரை ஆன் செய்யவில்லை, அல்லது நோடில் உள்ள கம்பாட்டிபிள் பெயரும் டிரைவர் எதிர்பார்க்கும் பெயரும் பொருந்தவில்லை. எம்எம்சி என்ற பொது ஆப்ஷன் மட்டும் போதாது, சிப்பைப் பொறுத்து, உதாரணமாக எம்எம்சி_எஸ்டிஹெச்சிஐயும் அதன் கீழே உங்கள் சிப் நிறுவனத்தின் டிரைவரும், அல்லது டிசைன்வேர் வகை என்றால் எம்எம்சி_டிடபிள்யூவும் வேண்டும். டிரைவர்கள் எந்தெந்தப் பெயர்களை ஏற்கும் என்று "டிஎம் கம்பாட்" காட்டும், அதில் உங்கள் நோடின் பெயர் இருக்கிறதா என்று ஒப்பிட்டால் முடிந்தது. கர்னலின் டிவைஸ் ட்ரீயைத் திருத்திவிட்டு யூ-பூட்டில் மாற்றம் எதிர்பார்ப்பவர்களும் உண்டு. யூ-பூட் தனக்கென்று ஒரு டிவைஸ் ட்ரீ வைத்திருக்கிறது, கர்னலுக்குக் கொடுப்பது தனிக் கோப்பு.

"கார்ட் டிட் நாட் ரெஸ்பாண்ட் டு வோல்டேஜ் செலக்ட்", -110

கண்ட்ரோலர் (சிப்பில் கார்டோடு பேசும் பகுதி) சரி, கார்டு பதில் சொல்லவில்லை. -110 என்பது காத்திருந்து நேரம் முடிந்தது என்று பொருள். கார்டே இல்லாத ஸ்லாட்டிலும் இது வரும், அது பிழை இல்லை. கார்டு இருந்தும் வந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

பவர் போட்டதும் முதல் தடவையே வருகிறது என்றால் மின்சாரம் அல்லது பின் அமைப்பு. நோடில் "விஎம்எம்சி-சப்ளை" சுட்டும் ரெகுலேட்டரை யூ-பூட் ஆன் செய்கிறதா, அதற்குரிய டிஎம்_ரெகுலேட்டர் ஆப்ஷன்கள் இருக்கின்றனவா பாருங்கள். மல்டிமீட்டரை ஸ்லாட்டின் விடிடி பின்னில் வைத்து 3.3 வோல்ட் வருகிறதா பார்ப்பது இன்னும் வேகம். வோல்ட் சரி என்றால் பின்மக்ஸ், அதாவது பின் அமைப்பு. "நோ கார்டு பிரசன்ட்" என்று வந்தால் மட்டும் கதை வேறு: கார்டு இருப்பதைச் சொல்லும் ஜிபிஐஓவின் (சிப்பின் பொதுப் பயன்பாட்டுப் பின்) போலாரிட்டி, அதாவது எந்த நிலை கார்டு இருப்பதைக் குறிக்கிறது என்பது, தலைகீழாக இருக்கும், அல்லது அந்தப் பின் போர்டில் இணைக்கப்பட்டிருக்காது. "ப்ரோக்கன்-சிடி" போட்டுச் சோதியுங்கள், ஈஎம்எம்சி என்றால் "நான்-ரிமூவபிள்".

முதல் தடவை நன்றாக பூட் ஆகி, லினக்ஸுக்குள் போய் ரீபூட் கொடுத்தால் மட்டும் -110 வருகிறதா? இது மென்பொருள் பிழை போலத் தோன்றி ஆளை அலைக்கழிக்கும் வன்பொருள் விஷயம். லினக்ஸ் வேகம் வேண்டி கார்டின் சிக்னல் மின்னழுத்தத்தை 3.3லிருந்து 1.8 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறது. கார்டு அதிலிருந்து திரும்பி வர ஒரே வழி, அதன் மின்சாரத்தை முழுக்க நிறுத்தித் திரும்பக் கொடுப்பதுதான். ரீபூட்டில் சிப் மட்டும் ரீசெட் ஆகிறது, கார்டுக்கு மின்சாரம் நிற்கவே இல்லை. இப்போது ரோமோ எஸ்பிஎல்லோ 3.3 வோல்ட்டில் கூப்பிடுகிறது, கார்டு 1.8இல் உட்கார்ந்திருக்கிறது, பேச்சு நடக்காது. கேபிளைப் பிடுங்கி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும், அதனாலேயே "சில சமயம் வருகிறது, சில சமயம் இல்லை" என்று தோன்றும்.

சரி, என்ன செய்வது? கார்டின் மின்சாரத்தை ஒரு ஜிபிஐஓ கட்டுப்படுத்துகிறது என்றால் அதை ரெகுலேட்டராக நோடில் சொல்லுங்கள், டிரைவர் தொடக்கத்திலேயே அணைத்து ஏற்றும். ஆனால் ரோமே கார்டைப் படிக்க வேண்டிய போர்டில் அது உதவாது, ரோம் ஓடும்போது யூ-பூட் இன்னும் பிறக்கவில்லையே. அங்கே ரீசெட் வரும்போது அந்த ஜிபிஐஓ தானாகவே மின்சாரத்தை நிறுத்தும்படி போர்டு வடிவமைப்பு இருக்க வேண்டும், அல்லது ரீபூட்டை பவர் ஐசி வழியாக, எல்லா மின்தடங்களும் இறங்கி ஏறும்படி செய்ய வேண்டும். இரண்டும் முடியாது என்றால் டிவைஸ் ட்ரீயில் "நோ-1-8-வி" போடுங்கள், கர்னலின் டிவைஸ் ட்ரீயிலும் கட்டாயம் போட வேண்டும், ஏனென்றால் 1.8க்கு மாற்றுகிறவர் அவர்தான். வேகம் குறையும். பெட்டிக்குள் வைத்துத் தொலைவில் நிறுத்தப்போகும் கருவி என்றால், ரீபூட்டில் எழுந்திருக்காத போர்டைவிட மெதுவாகப் படிக்கும் போர்டே எனக்குப் போதும்.

ஈஎம்எம்சியில் இதே பிரச்சினைக்கு ஹார்ட்வேர் ரீசெட் பின்னை இயக்கச் சொல்லி "எம்எம்சி ஆர்எஸ்டி-ஃபங்ஷன்" என்ற கமாண்டைப் பரிந்துரைப்பார்கள். சரியான தீர்வுதான், ஆனால் அந்தக் கமாண்ட் மாற்றும் ஈஎம்எம்சி புலத்தை ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தப்பான மதிப்பை எழுதிவிட்டால் அந்தச் சிப்பின் ஆயுளுக்கும் அப்படியேதான். அந்தப் பின் உங்கள் போர்டில் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று சர்க்யூட் படத்தில் பார்த்த பிறகு மட்டும் தொடுங்கள்.

"அன்ஏபிள் டு செலக்ட் எ மோட்"

கார்டு பதில் சொல்லிவிட்டது, வேகம் ஒத்துப்போகவில்லை. எம்எம்சி_ஸ்பீட்_மோட்_செட் ஆன் செய்துவிட்டு "எம்எம்சி டெவ் 0 0 0" போட்டால் மிகப் பழைய, மெதுவான முறையில் எழுப்பும். அதில் வேலை செய்தால் பிழை வேகத்தில்தான். "பஸ்-விட்த்" எட்டு என்று எழுதியிருந்து போர்டில் நான்கு தடங்கள் மட்டும் இருக்கிறதா, ஹெச்எஸ்200 என்ற வேக முறை ஆன் ஆகியும் 1.8 வோல்ட் தடம் இல்லையா என்று பாருங்கள். எம்எம்சி_ட்ரேஸ் ஆன் செய்தால் கார்டுக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும் பதிலும் திரையில் ஓடும், எந்த இடத்தில் அறுகிறது என்று தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள், பூட் ரொம்ப மெதுவாகும்.

கார்டு தெரிகிறது, பார்ட்டிஷனோ கோப்போ தெரியவில்லை

"பார்ட் லிஸ்ட் எம்எம்சி 1" ஒன்றும் காட்டவில்லை என்றால் டாஸ்_பார்ட்டிஷன், ஈஎஃப்ஐ_பார்ட்டிஷன் இரண்டில் உங்களுக்கு உரியது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஜிபிடிக்கு வேண்டியது இரண்டாவது. ஆன்தான் என்றால், அதற்கு முன் "எம்எம்சி டெவ் 1 1" போட்டு ஈஎம்எம்சியின் பூட்0 பகுதிக்குள் போயிருந்தீர்களா? அங்கே பார்ட்டிஷன் அட்டவணை இருக்காது. "எம்எம்சி டெவ் 1 0" போட்டுப் பயனர் பகுதிக்குத் திரும்புங்கள்.

பத்தாவது பார்ட்டிஷன் இருக்கிறது, ஆனால் "1:10" என்றால் இல்லை என்கிறது என்பவர்களுக்கு: யூ-பூட் எண்களை ஹெக்ஸாகப் படிக்கிறது. "பார்ட் லிஸ்ட்" பத்து என்று காட்டுவதை நீங்கள் "1:ஏ" என்று கொடுக்க வேண்டும். "எம்எம்சி ரீட்" கமாண்டுக்குக் கொடுக்கும் செக்டர் எண்களும் ஹெக்ஸ்தான், அங்கே தப்பினால் பிழைச் செய்திகூட வராது, வேறு இடத்துத் தரவு வந்து நிற்கும். "எம்எம்சி ரைட்"டில் தப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"அன்ரெகக்னைஸ்ட் ஃபைல்சிஸ்டம் டைப்" என்றால் அந்தக் கோப்பு முறைக்கு ஆதரவு இல்லை. ஃபேட், எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், ஸ்குவாஷ்எஃப்எஸ் எல்லாம் ஆப்ஷன் ஆன் செய்தால் கிடைக்கும், எக்ஸ்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ் கிடையாது, பூட்டுக்குத் தனியாக ஒரு சின்ன ஃபேட் பார்ட்டிஷன் போட்டுவிடுங்கள். எக்ஸ்ட்4இல் படிக்க முடிகிறது, எழுத மட்டும் மறுக்கிறது, "மெட்டாடேட்டா_சிசம்" என்று ஏதோ சொல்கிறது என்றால், இப்போதைய எம்கேஎஃப்எஸ் அந்த வசதியைத் தானாகவே ஆன் செய்கிறது, அது இருக்கும் பார்ட்டிஷனில் யூ-பூட் எழுதாது. பூட்லோடரிலிருந்து எழுத வேண்டிய பார்ட்டிஷனை அந்த வசதி இல்லாமல் உருவாக்குங்கள்.

"பேட் சிஆர்சி, யூசிங் டீஃபால்ட் என்விரான்மென்ட்" என்ற எச்சரிக்கை (என்விரான்மென்ட் என்பது யூ-பூட் சேமித்துவைக்கும் மாறிகளின் தொகுதி) புதிய கார்டில் வருவது இயல்பு, ஒருமுறை "சேவ்என்வ்" கொடுத்தால் போய்விடும். கொடுத்த பிறகும் வந்தால் என்வி_ஆஃப்செட் (அந்த மாறிகள் எழுதப்படும் இடம்) வேறு எதன் மேலாவது விழுகிறதா என்று பாருங்கள்.

யூஎஸ்பி: "0 ஸ்டோரேஜ் டிவைசஸ் ஃபவுண்ட்"

யூஎஸ்பியை யூ-பூட் தானாகத் தேடாது, "யூஎஸ்பி ஸ்டார்ட்" கொடுக்க வேண்டும். கொடுத்தும் பூஜ்யம் என்றால், பென்டிரைவ் எழுந்திருக்க நேரம் எடுக்கிறதா என்று சோதியுங்கள்: "யூஎஸ்பி_பிகுட்_டிலே" என்ற மாறிக்கு 2000 என்று மில்லிசெகண்டில் கொடுத்துவிட்டு "யூஎஸ்பி ரீசெட்". பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கு இதுவே போதும். என்விஎம்ஈயும் இப்படித்தான், "பிசிஐ ஈனம்", அப்புறம் "என்விஎம்ஈ ஸ்கேன்". பிசிஐயில் சாதனமே தெரியவில்லை என்றால் என்விஎம்ஈ ஆப்ஷன்களைத் தொட்டுப் பயனில்லை.

எல்லாம் சரி, கர்னல் மட்டும் "வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்" என்று காத்துக்கொண்டே இருக்கிறது

கர்னல் ஏறிவிட்டது, ஆக யூ-பூட் தன் வேலையை முடித்துவிட்டது. யூ-பூட்டின் எம்எம்சி 1 என்பதும் லினக்ஸின் எம்எம்சிபிளாக்1 என்பதும் ஒரே சாதனமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு டிவைஸ் ட்ரீயிலும் "ஏலியாசஸ்" பகுதியில் எம்எம்சி0, எம்எம்சி1 எதைச் சுட்டுகின்றன என்று ஒரே மாதிரி எழுதலாம். அதைவிட எண்ணை நம்பாமல் இருப்பது நல்லது: "பார்ட் யூயூஐடி எம்எம்சி 1:2 ரூட்ஐடி" என்று கொடுத்தால் அந்தப் பார்ட்டிஷனின் அடையாளம் ரூட்ஐடி என்ற மாறிக்குள் வந்துவிடும், அதை பூட்ஆர்க்ஸில் (கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) "ரூட்=பார்ட்யூயூஐடி=" என்பதற்குப் பின்னால் சேர்த்து, "ரூட்வெயிட்" என்பதையும் போடுங்கள். "ரூட்=யூயூஐடி=" என்று எழுதிவிடாதீர்கள், இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சின்னக் கோப்பு முறை) இல்லாத கர்னலுக்குக் கோப்பு முறையின் அடையாளம் புரியாது, பார்ட்டிஷனின் அடையாளம்தான் புரியும்.